சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டர்: கடையிலா, வீட்டிலா, தண்ணீரிலா சோதிப்பது?

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். பாலாறு மட்டும் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கடலுக்கடியில் டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் இறக்கித் தரும் ஸ்கூபா ரெகுலேட்டரைப் பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமிருந்து சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிறு விடியலில் பாண்டிச்சேரிக் கடலில் இறங்கும் ஆட்கள் இப்போது ஒரு கைக்கு மேலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், ராணிப்பேட்டைத் தம்பி, போன வாரம் கேட்டார்:

"அண்ணா, ரெகுலேட்டர் சர்வீஸ் ஆகி கூரியர்ல வந்துடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை டைவ். நேரா கடல்லயே போட்டுப் பாத்துக்கலாமா? இல்ல, சென்னைக்குப் போயி கடையில கண் முன்னாடி டெஸ்ட் பண்ணச் சொல்லணுமா? வீட்லயே பாக்கலாம்னு சிலர் சொல்றாங்க, அதை எந்த அளவுக்கு நம்பறது?"

இதே கேள்வியை வேறு இருவரும் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோதிப்பதையும் திருத்துவதையும் ஒரே வேலையாகப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. ரெகுலேட்டரைச் சோதிக்க அதன் சொந்தக்காரர் எல்லோராலும் முடியும், செய்தே ஆக வேண்டும். ஸ்பேனர் எடுத்துத் திருத்துவது அப்படியல்ல.

## எதை வைத்து ஒப்பிடுவது

சமையலறை கேஸ் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன வால்வு. சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் அடுப்புக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குத்தான் விடும். தண்ணீர்க் கணக்கில் அது 30 செ.மீ. உயரம். ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே சாதிதான். 1943-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக எஞ்சினியர் எமில் கான்யான் செய்து கொடுத்த முதல் ரெகுலேட்டரே, போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக அவர் வைத்திருந்த வால்விலிருந்து வந்ததுதான்.

நம்முடையது இரண்டு படியாக வேலை செய்கிறது. டேங்கில் இருக்கும் 200 பார் அழுத்தத்தை, டேங்கில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் 9 முதல் 10 பார் வரை இறக்குகிறது. இதைத்தான் இடை அழுத்தம் என்றும், பேச்சில் ஐ.பி. என்றும் சொல்கிறோம். வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், நாம் உறிஞ்சும்போது மட்டும் திறந்து காற்றைக் கொடுக்கிறது. நன்றாகச் செட் செய்த செகண்ட் ஸ்டேஜ் சுமார் 3 செ.மீ. தண்ணீர் அளவு உறிஞ்சலுக்கே திறந்துவிடும். அடுப்புக்குப் போகும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதால்தான், ஒரு ஸ்பிரிங் கால் சுற்று மாறினாலும் வித்தியாசம் தெரிகிறது.

ஆகவே எந்த இடத்தில் சோதித்தாலும் பதில் கிடைக்க வேண்டிய கேள்விகள் இவை: ஐ.பி. தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா, அங்கேயே நிற்கிறதா? செகண்ட் ஸ்டேஜ் எவ்வளவு உறிஞ்சலுக்குத் திறக்கிறது? காற்று வெளியே கசிகிறதா, தண்ணீர் உள்ளே வருகிறதா? டேங்க் நிறைந்திருக்கும்போதும் 50 பாருக்கு இறங்கிய பிறகும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா?

ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: புதிதாகப் போட்ட ஸீட் (வால்வை அடைக்கும் மெத்தென்ற துண்டு) படிந்து உட்கார நேரம் கொடுத்தோமா? சர்வீஸில் முக்கியமாக மாற்றுவது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும் ஸீட்டும்தான். புது ஸீட் உலோக விளிம்பில் அழுந்தி அழுந்தித்தான் தன் இடத்தைப் பிடிக்கும். கடையில் சரியாக இருந்த செட் மூன்றாம் நாள் லேசாகச் சீறுவதற்கு இதுவே காரணம். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

இதற்கெல்லாம் மேலே செலவு. காசு மட்டும் செலவல்ல என்பதைக் கீழே பார்ப்போம்.

## கடையிலேயே நின்று சோதித்து வாங்குவது

நல்ல சர்வீஸ் மேசையில் ஐ.பி. கேஜ், நீரளவில் உறிஞ்சலைக் காட்டும் மீட்டர், காற்றோட்டத்தை அளக்கும் கருவி எல்லாம் ஒன்றாக இருக்கும். பெரிய டேங்க் கையருகே நிற்கும். ஏதாவது சரியில்லை என்றால் அங்கேயே திருத்திவிடலாம். இந்த மூன்றில் எண்களை முழுதாகக் கொடுப்பது இதுதான். அந்த மாடலுக்கான பயிற்சியும் உதிரிபாகமும் உள்ள ஆள் தொட்டதால், பிறகு கோளாறு வந்தாலும் பொறுப்பு அவருடையது.

குறை எங்கே என்றால், அளந்து முடிக்க இருபது நிமிடம் போதும். இருபது நிமிடத்தில் தெரியாதது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஒருமுறை நானும் நண்பரும் அப்படி நேரில் நின்று வாங்கினோம். கேஜில் 9.5 பார், முள் அசையவில்லை. மெக்கானிக், செகண்ட் ஸ்டேஜின் முகப்பில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை நாலு தடவை அழுத்திக் காட்டினார். "சூப்பரா இருக்கு சார்." எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அடுத்த நாள் காலை வீட்டில் டேங்கில் மாட்டிவிட்டு இட்லி சாப்பிட்டு வருவதற்குள், ஆக்டோபஸ் (உபரியாக இருக்கும் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ்) பாம்பு மாதிரி மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. மேசையில் பொய் சொல்லவில்லை அவர். ஸீட் அதற்குப் பிறகுதான் படிந்தது.

மறைந்திருக்கும் செலவு தூரம். வேலூரிலிருந்து சென்னை ஒரு வழிக்கு சுமார் 140 கி.மீ., பாண்டிச்சேரி சுமார் 150. போக வர 300 கி.மீ. என்றால் லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் 20 லிட்டர் பெட்ரோல். அதைவிட, ஒரு முழு நாள். கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்றால் இரண்டு நாள். கூரியரில் அனுப்பி வாங்கினால் இந்தச் செலவு போய்விடும். கூடவே, கண் முன் சோதிக்கும் வசதியும் போய்விடும். இதற்கு ஒரு நடுவழி உண்டு: பெட்டிக்குள் ஒரு தாளில் அளவுகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நிறைந்த டேங்கில் ஐ.பி., 50 பாரில் ஐ.பி., இரண்டு செகண்ட் ஸ்டேஜும் திறக்கும் அளவு, மாற்றிய பாகங்கள். எழுதித் தரத் தயங்கும் கடை அளந்ததா என்பதே சந்தேகம்.

கடைக்கு நேரில் போவது யாருக்குச் சரி? முதல் முறை சர்வீஸ் கொடுப்பவர்களுக்கு. ஏற்கெனவே ஃப்ரீ ஃப்ளோ (காற்று நிற்காமல் கொட்டுவது), ஐ.பி. ஏறுவது மாதிரி ஒரு புகாருடன் கொடுத்தவர்களுக்கு, ஏனென்றால் அந்தப் புகார் தீர்ந்ததா என்று பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். வேறு வேலையாகச் சென்னைக்கு எப்படியும் போகிறவர்களுக்கும் சரிதான்.

## வீட்டில் சோதிப்பது

என் மனசு இதன் பக்கம்தான் சாய்கிறது, மறைக்கவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுவேன்.

டேங்கே இல்லாமல் செய்யக்கூடியதிலிருந்து தொடங்குவோம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் டஸ்ட் கேப்பை (டேங்கில் மாட்டும் வாயின் மூடியை) இறுக்கி மூடிவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். கொஞ்சம் வந்து சட்டென்று நின்றுவிட வேண்டும். நாக்கு இழுபட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். காற்று தொடர்ந்து வந்தால் வெளிமூச்சு போகும் எக்ஸாஸ்ட் வால்வில் ஒரு தூசியோ மடிப்போ, டயாஃப்ரம் சரியாக உட்காராததோ, மவுத்பீஸ் டை தளர்ந்ததோ காரணம். இதே ஓட்டை வழியாகத்தான் கடலில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் வரும். பத்து விநாடி வேலை. ஒரு பைசா செலவில்லை. கூரியர் பெட்டியைப் பிரித்த கையோடு ஆக்டோபஸையும் சேர்த்து இதைச் செய்யாதவர்களை நான் மன்னிப்பதில்லை.

அடுத்தது டேங்க் உள்ளவர்களுக்கு. பி.சி.டி. என்ற மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று போகும் ஹோஸில் மாட்டக்கூடிய ஐ.பி. கேஜ் ஒன்று வேண்டும். 0 முதல் 20 பார் வரை காட்டினால் போதும். டைவிங் பொருள் விற்கும் இடத்தில்தான் கிடைக்கும். கேஜ் எந்த ஹைட்ராலிக் கடையிலும் இருக்கிறது, ஹோஸோடு பொருந்தும் நிப்பிள்தான் அங்கே இருக்காது. வாங்கிய கேஜை ஒருமுறையாவது கடைக்காரருடைய கேஜோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலிவான கேஜ் அரை பார் பொய் சொல்லும். அது எப்போதும் அதே அரை பார் என்றால் நமக்குப் போதும்.

செகண்ட் ஸ்டேஜ் மாட்டியே இருக்க வேண்டும், கழற்றிவிட்டு ஐ.பி. பார்க்கக் கூடாது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஸீட் திடீரென்று விட்டுக்கொடுத்தால், செகண்ட் ஸ்டேஜ் சீறித் திறந்து அதிக அழுத்தத்தை வெளியேற்றும். அதுதான் பாதுகாப்பு வால்வு. டேங்க் கேஜின் கண்ணாடி முகத்தை யாரும் இல்லாத பக்கம் திருப்பிவைத்து, வால்வை மெல்லத் திறவுங்கள். இப்போது முள்ளைப் பாருங்கள். ஏறி ஓரிடத்தில் 'டக்' என்று நிற்க வேண்டும். பர்ஜ் அழுத்தினால் இறங்கி, விட்டதும் அதே இடத்துக்கே துள்ளி வர வேண்டும். பத்து பதினைந்து தடவை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். புது ஸீட்டில் முதல் சில நிமிடங்களுக்கு 0.2, 0.3 பார் நகர்ந்து நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஸீட்டிலோ அது உட்காரும் விளிம்பிலோ கோளாறு. மூச்சை வேகமாக இழுக்கும்போது முள் 1 பாருக்கு மேல் சரிந்தால், நுழைவாயில் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பச்சையோ பழுப்போ படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் வேலூருக்கே உரிய ஒரு பொறி உண்டு. நான் விழுந்தேன். மே மாதம், மொட்டை மாடி. காலை எட்டு மணிக்கு 9.5 என்று இருந்த முள் பதினொரு மணிக்கு 10.4. ஏறுகிறது, ஸீட் போச்சு என்று முடிவுகட்டி, திட்டி ஒரு கடிதமும் எழுதி, செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடையில் எந்தக் குறையும் இல்லை. பிறகுதான் உறைத்தது: வால்வு மூடி நிற்கும்போது ஹோஸுக்குள் அடைபட்ட காற்று வெயிலில் விரிவடைகிறது. 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். கறுப்பு ஹோஸ் மாடி வெயிலில் அந்தச் சூட்டை எட்டச் சிரமப்படாது. இப்போதெல்லாம் வீட்டுக்குள், ஃபேனுக்குக் கீழே, நிழலில் மட்டும்தான். சந்தேகம் வந்தால் ஒருமுறை பர்ஜ் அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். வெயில் ஏற்றமாக இருந்தால் முள் பழைய எண்ணுக்கே திரும்பும். ஸீட் கசிவாக இருந்தால் அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கும்.

உறிஞ்சல் அளவுக்கு மீட்டர் வேண்டியதில்லை. பிரியாணி தேக்சா மாதிரி அகலமான பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். செகண்ட் ஸ்டேஜின் முகப்பு கீழே, மவுத்பீஸ் மேலே இருக்கும்படி பிடித்து, மட்டமாக, மெல்ல மெல்ல இறக்குங்கள். தண்ணீர் டயாஃப்ரமைத் தள்ளும். ஓர் ஆழத்தில் 'ஸ்ஸ்' என்று ஆரம்பிக்கும். அந்த நொடியில் டயாஃப்ரம் தண்ணீர் மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. கீழே இருக்கிறதோ, அதுவே திறக்கும் அளவு. டயாஃப்ரம் உறைக்குள் இருப்பதால், அது நிற்கும் உயரத்தில் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை ஒட்டவைத்துத்தான் நான் அளக்கிறேன். அளக்கும்போது, உள்ளே காற்றோட்டத்தைத் திருப்பும் வெஞ்சுரி லீவர் மைனஸில், வெளியே இருக்கும் உறிஞ்சல் திருகு முழுக்கத் தளர்த்தி இருக்க வேண்டும். முதன்மை செகண்ட் ஸ்டேஜ் 2.5 முதல் 4 செ.மீ. வரை, ஆக்டோபஸ் கொஞ்சம் கூடுதலாக 4, 5. ஆக்டோபஸைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைப்பது வழக்கம். அது தொங்கிக்கொண்டு தானாகச் சீறக் கூடாது.

இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால், சி.எம்.சி. எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் தெளிவான ட்யூபை 'ப' வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை மவுத்பீஸ் ஓரமாக உள்ளே விட்டு உறிஞ்சுங்கள். இரண்டு கைகளிலும் தண்ணீர் மட்டம் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் அளவு. மருத்துவமனை ஊரில் இருப்பதில் இப்படி ஒரு லாபம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். காய்ந்தால் வெள்ளை பூக்கும். தேக்சாவுக்கும், கடைசியில் அலசுவதற்கும் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். அலசும்போது டஸ்ட் கேப் போட்டிருக்க வேண்டும், பர்ஜை அழுத்தக் கூடாது.

கடைசியாக, முழு செட்டையும் அழுத்தத்தோடு தொட்டியில் முக்கிக் குமிழி பாருங்கள். டேங்கை 50 பாருக்கு இறக்கி ஐ.பி.யை மறுபடி பாருங்கள். பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்றால் எண் மாறாது. சாதாரண பிஸ்டன் வகையில் டேங்க் காலியாகக் காலியாக ஐ.பி. கொஞ்சம் இறங்குவது அதன் இயல்பு. பிறகு அழுத்தத்தோடு நிழலில் ஒரு ராத்திரி விட்டுவைத்து, காலையில் மறுபடி. இந்த ராத்திரியைக் கடை கொடுக்க முடியாது. வீட்டுச் சோதனையின் மொத்த மதிப்பும் எனக்கு இதில்தான் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு: டேங்க். வேலூரிலிருந்து சுவாசக் காற்று நிரப்பிக் கொடுக்கும் டைவிங் கடை இருக்கும் இடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டைவுக்குப் போன காரிலேயே நிரப்பிய டேங்க் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதுதான் வழி. ரயிலில் ஏற்ற அனுமதி இல்லை. காரிலும் படுக்கவைத்துக் கட்டி, வெயிலில் பூட்டி வைக்காமல் கொண்டுவாருங்கள். டேங்குக்குப் பதில் பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் மாட்டிப் பார்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும், புதிதாகச் சுத்தம் செய்த செகண்ட் ஸ்டேஜுக்குள் அதை ஊதுவதற்கு சர்வீஸே செய்யாமல் இருந்திருக்கலாம். இண்டஸ்ட்ரியல் கேஸ் கடையில் நைட்ரஜன் வாங்குவது இன்னும் மோசம். வாயில் வைத்து ஒரு மூச்சு இழுக்காமல் யாரும் இருக்கப்போவதில்லை, அதில் ஆக்ஸிஜன் கிடையாது. ஆக்ஸிஜன் சிலிண்டரோ, கிரீஸும் உயர் அழுத்தமும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

### திருத்தலாமா?

வரிசை முக்கியம்: முதலில் ஐ.பி., பிறகு செகண்ட் ஸ்டேஜ். ஐ.பி. 11-இல் நிற்கும்போது செகண்ட் ஸ்டேஜ் சீறுவதைப் பார்த்து அதை இறுக்கினால், நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்.

ஐ.பி.யை டயாஃப்ரம் வகையில் ஆலன் கீயால் மாற்றலாம். பல பிஸ்டன் வகைகளில் பிரித்து ஷிம் என்ற மெல்லிய வளையத்தை மாற்ற வேண்டும். என் அபிப்பிராயம்: பயிற்சி இல்லாதவர் இரண்டையும் தொட வேண்டாம். அளந்ததை எழுதி, போட்டோ எடுத்து, கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். பயிற்சி உள்ளவர் மாற்றினால், ஒவ்வொரு சின்னத் திருப்பலுக்குப் பிறகும் பல தடவை பர்ஜ் அழுத்தித்தான் முள்ளைப் படிக்க வேண்டும். அழுத்தாவிட்டால், குறைத்த பிறகும் ஹோஸில் நிற்கும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

செகண்ட் ஸ்டேஜில் ஆரிஃபிஸை (ஸீட் அழுந்தும் காற்றுத் துளையை) உள்ளே திருப்பினால் கசிவு நிற்கும், மூச்சு கனக்கும், டயாஃப்ரம் அழுத்தி வால்வைத் திறக்கும் லீவர் லேசாக இறங்கும். வெளியே திருப்பினால் எதிர்ப்பதம். கசிவு நிற்கும் இடத்திலிருந்து ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் உள்ளே, அவ்வளவுதான். திருப்பும்போது பர்ஜை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரான விளிம்பு புது ஸீட்டில் வட்டம் போட்டு அறுத்துவிடும், சர்வீஸ் காசு போயே போச்சு. லீவர் டயாஃப்ரமை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அதிக உயரத்தில் இருந்தால் ஃப்ரீ ஃப்ளோ, தாழ்ந்தால் ஆழத்தில் காற்றுக்குத் தவிப்பு. டைவிங் டிப்ளமா இருப்பது வேறு, இதற்கான பயிற்சி வேறு. வெளியே இருக்கும் திருகை மட்டும் யார் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். அது அதற்காகத்தான் இருக்கிறது.

## நேராகத் தண்ணீரில் சோதிப்பது

"கடல்லயே பாத்துக்கலாம்" என்று சொல்பவர்கள் முழுக்கத் தப்பு சொல்லவில்லை. தேக்சாவில் தெரியாத ஒன்று தண்ணீரில்தான் தெரியும்: உடம்பு எப்படித் திரும்பினாலும் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்பது. கான்யானும் கூஸ்தோவும் தங்கள் முதல் ரெகுலேட்டரை மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் வர மறுத்தது. வெளிமூச்சு வால்வும் உள்மூச்சு வால்வும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததே காரணம். மேசையில் இருந்தவரை அது நல்ல ரெகுலேட்டர்தான்.

ஆகவே குளத்தில் மல்லாந்து, கவிழ்ந்து, பக்கவாட்டில், தலைகீழாக ஒவ்வொரு நிலையிலும் பத்து மூச்சு. வாயில் தண்ணீர் வருகிறதா? ஆக்டோபஸை வாயில் வைத்தும் அதே. முதுகுப் பக்கம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் குமிழி வருகிறதா என்று கூட வருபவர் பார்க்க வேண்டும். வாயிலிருந்து எடுத்து மவுத்பீஸ் மேல்நோக்கி விட்டால் சீறுவது கோளாறல்ல, கீழ்நோக்கித் திருப்பினால் நிற்க வேண்டும்.

நீச்சல் குளத்தில் எதிர்பார்க்கக் கூடாதது ஆழம். கடலில் 10 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் இரட்டிப்பாகும், நாம் இழுக்கும் காற்றின் அடர்த்தியும் இரட்டிப்பு. ஐ.பி. குறைந்த செட் ஐந்தடித் தண்ணீரில் சொகுசாகவே இருக்கும். ஆழத்துக்குப் போனால்தான் இழுக்க இழுக்கப் போதாது என்று தோன்றும். குளத்துக்காரர் டேங்கோடு இறங்க விடுவாரா என்பதும் அவர் மனநிலையைப் பொறுத்தது. ஓடு உடையும் என்று பயப்படுவார்கள். கீழே விரிக்க ரப்பர் ஷீட் ஒன்றைக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாக முடிகிறது.

நேராகக் கடல் என்றால், கோளாறு தெரியும் இடம் படகு. அதுவரை கட்டிய காசும் நாளும் போகும். டைவ் கடையில் உபரி ரெகுலேட்டர் உண்டா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டால் நஷ்டம் பாதியாகும். ஆழத்தில் ஃப்ரீ ஃப்ளோ ஆனால் சில நிமிடங்களில் டேங்க் காலி என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் டைவ் ஆழமாகவோ ராத்திரியிலோ வேண்டாம், நேராக மேலேறக்கூடிய இடத்தில் மட்டும்.

கிணறு? "நம்ம நிலத்துலயே அம்பதடிக் கிணறு இருக்கே அண்ணா" என்று பொன்னை பக்கத்து நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம். புழங்காத கிணற்றில் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றே விஷமாக இருக்கலாம். தூர்வாரப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ரெகுலேட்டர் மக்கர் செய்தால் மேலே வந்து எந்தக் காற்றை இழுப்பீர்கள்? மோட்டார் வயரும் பழைய கயிறும் கிடக்கும், ஏறிவரப் படி இருக்காது, கலங்கிய சேறு புது எக்ஸாஸ்ட் வால்வில்தான் போய் உட்காரும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்க்கிறோம் | கடையில் | வீட்டில் | குளம், கடல் |
|---|---|---|---|
| ஐ.பி. எண் | துல்லியம் | கேஜ் இருந்தால் தெரியும் | தெரியாது |
| ஐ.பி. மெல்ல ஏறுவது | அவசரத்தில் தப்பிவிடும் | ராத்திரி விட்டால் தெரியும் | சீறினால்தான் தெரியும் |
| திறக்கும் உறிஞ்சல் | மீட்டரில் | தேக்சா, ட்யூப் | உணர்வு மட்டும் |
| தண்ணீர் உள்ளே வருவது | பாதி | உறிஞ்சிப் பார்த்தால் தெரியும் | நன்றாகத் தெரியும் |
| 50 பாரில் நடத்தை | கேட்டால் செய்வார்கள் | காற்று வீணானாலும் முடியும் | டைவ் முடிவில் மட்டும் |
| உடனே திருத்த | முடியும் | பயிற்சி இருந்தால் | வெளித் திருகு மட்டும் |
| மறைந்த செலவு | 300 கி.மீ., ஒரு நாள் | டேங்க், கேஜ் | படகுக் காசு, ஞாயிறு |

அட்டவணையைப் பார்த்து, மூன்றையும் செய்ய வேண்டும் போலிருக்கிறதே என்று தோன்றலாம். வருஷத்துக்கு நாலு டைவ் போகிறவருக்கு அது அதிகம். அவர் அளவுத் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டில் டஸ்ட் கேப் உறிஞ்சலை மட்டும் பார்த்துவிட்டு, கடலுக்கு அரை மணி முன்னதாகப் போய் டைவ் கடையின் டேங்கில் மாட்டி, அவர்கள் கேஜில் ஐ.பி. பார்க்கச் சொன்னால் போதும். பெரும்பாலான டைவ் கடைகளில் கேஜ் ஒன்று டிராயரில் கிடக்கும், கேட்க வாய்தான் வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து டைவ் போகும் கூட்டமென்றால் ஒரு கேஜும் ஒரு டேங்கும் பொதுவாக வாங்கி ஒரு வீட்டில் வைப்பது லாபம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்து சர்வீஸ் ஆன பழைய செட், அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் கடை மேசைக்கு மாற்று கிடையாது, பெட்ரோலைப் பார்க்காதீர்கள்.

ராணிப்பேட்டைத் தம்பிக்கு வருகிறேன். அன்று புதன்கிழமை. "செட்டை எடுத்துக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வாப்பா" என்றேன். கேஜ் மாட்டினோம்: 9.4. தேக்சாவில் முதன்மை 3 செ.மீ., ஆக்டோபஸ் நாலரை. நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று இருவருமே நினைத்தோம். டேங்கைத் திறந்தபடியே கூடத்து மூலையில் சாய்த்துக் கட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலை ஆறு மணிக்கு, மின்விசிறிக்கு அடியில், கேஜ் 11.2. பர்ஜ் அழுத்தினேன், 9.4-க்கு வந்து, பல் தேய்த்து முடிப்பதற்குள் மறுபடி 9.9. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை, அண்ணா?"

"கடை செட்ட வாடகைக்கு எடுத்துக்கோ. இதை இன்னைக்கே கூரியர்ல போடு, போட்டோவும் வெச்சு."